அரை நிமிஷம் பிந்தி வந்த பட்டம்

பட்டமளிப்பு விழா பட்டம் வாங்குகிறவனுக்காக நடப்பதில்லை என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். அவனுக்கு வியர்க்கும், பசிக்கும், பக்கத்து நாற்காலிக்காரனுக்கு வேலை கிடைத்துவிட்டதே என்று வயிறு எரியும். விழா பெற்றவர்களுக்கானது. பெற்றவர்களைவிட அதிகமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளும் பாட்டி, சித்தப்பா, மாமன் வகையறாவுக்கும் ஆனது. ஆனால் அரங்கத்துக்குள் விடுவது என்னவோ ஆளுக்கு இரண்டு பாஸ். அப்பா, அம்மா உள்ளே. மிச்சப் பேர் வேனில், ஏசி இல்லாமல்.

2020இல் கொரோனா வந்து, உலகத்துப் பல்கலைக்கழகங்கள் விழாவைத் தூக்கிக் கம்ப்யூட்டருக்குள் போட்டபோதுதான் எங்களைப் போன்ற மூன்றாவது பாஸ் ஆசாமிகளுக்கு விடிவு பிறந்தது.

நான் பட்டம் வாங்கிய கதையைச் சொன்னால் என் ஆர்வம் உங்களுக்குப் புரியும். நம்மூர்ப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மேடையேறுவது தங்கப் பதக்கக்காரர்களும் முனைவர் பட்டக்காரர்களும்தான். மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு, வராமலேயே பட்டம் வழங்கப்பட்டதாக மேடையில் ஒரு வரி வாசித்து முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் நானும் எங்கேயோ இருந்தேன். பிறகு ஒருநாள் கல்லூரி அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். கிளார்க் பதிவேட்டைத் திருப்பி, "இங்க ஒரு கையெழுத்துப் போடு. பேரு சரியா இருக்கான்னு பாத்துக்க, அப்புறம் வந்து நிக்காத" என்றார். எனக்குக் கிடைத்த பட்டமளிப்பு உரை அவ்வளவுதான். ஆனாலும் ஒன்று, அதில் ஒரு வார்த்தைகூட வீணில்லை.

அதனால் என் அக்கா மகன் அமெரிக்காவில் எம்.எஸ். முடித்தபோது அந்த விழாவைக் கண்ணாரப் பார்த்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். அக்காவும் அத்தானும் போவதாக இருந்தது. விசா, டிக்கெட், அங்கே உடுத்த அக்காவுக்கு ஒரு பட்டு, அத்தானுக்கு வாழ்நாளின் முதல் கோட்டு எல்லாம் தயார். மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஊரடங்கு. விமானம் நின்றது. கோட்டு மட்டும் தைத்து வந்துவிட்டது.

விழா இணையத்தில் நடக்கும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மே மாதம், சனிக்கிழமை, அங்கே காலை பத்து மணி. இங்கே கணக்குப் போட்டால் இரவு ஏழரை. இதைக் கேட்டதும் அக்காவின் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சனிக்கிழமையில, அதுவும் ஏழரையிலயா?"

"பாட்டி, அங்க காலையில பத்து மணிதான்."

"சனிக்கிழமை காலையில ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்டா!"

இங்கே பார்த்தால் ஏழரை, அங்கே பார்த்தால் ராகு காலம். இரண்டு கண்டத்திலும் தப்பிக்க வழியில்லாமல் நேரம் குறித்த அந்தப் பல்கலைக்கழகத்தை வியக்கத்தான் வேண்டும். கடைசியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்து சமாதானமானோம். இன்னொரு பெரிய தடையை கொரோனாவே நீக்கிவிட்டிருந்தது. சீரியல் படப்பிடிப்பெல்லாம் நின்று, பழையதையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இல்லாவிட்டால் ஏழரை மணிக்கு அந்த வீட்டில் டீவி ரிமோட் யார் கைக்குக் கிடைத்திருக்கும்?

இடையில் மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வைத்தேன். தாய்மாமன் இல்லையா, நாலும் தெரிந்திருக்க வேண்டும். டோக்கியோவில் பிசினஸ் பிரேக்த்ரூ பல்கலைக்கழகம் மார்ச் 28ஆம் தேதியே முந்திக்கொண்டது. சக்கரம் வைத்த ரோபோவுக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டேப்லெட். அதில் மாணவனின் முகம் தெரியும். வீட்டிலிருந்தபடியே ரோபோவை ஓட்டிக்கொண்டு வந்து தலைவர் கெனிச்சி ஓமே கையால் பட்டம் வாங்க வேண்டும். பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து மாணவர்கள் மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டுக்குள் தங்கள் வளாகத்தையே கட்டம் கட்டமாக எழுப்பி, மே 16ஆம் தேதி அதற்குள்ளேயே விழாவை நடத்தினார்கள். கேம் விளையாடினால் உருப்படமாட்டாய் என்று பிள்ளைகளைத் திட்டிய பெற்றோர்கள் எல்லாம் அன்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் விழா முடிந்த பிற்பாடு, நம் நாட்டில் உச்சத்தைத் தொட்டது ஐ.ஐ.டி. பம்பாய். ஆகஸ்ட் 23ஆம் தேதி நடந்த அவர்களுடைய 58ஆவது பட்டமளிப்பு விழாவில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு கணினி உருவம். அது மேடைக்கு நடந்து வந்து, இயக்குநர் சுபாசிஸ் சௌத்ரியின் கணினி உருவத்திடம் பட்டம் வாங்கும். சிறப்பு விருந்தினர், இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற டங்கன் ஹால்டேன். அவரும் உருவமாகத்தான் வந்தார். வீடியோவை அத்தானிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "பொம்மைக்குப் பொம்மை பட்டம் குடுக்குது மாப்ள. பேங்க்காரன் மட்டும் ஏன் நெசமாவே வர்றான்?" என்று கேட்டார். கல்விக் கடன் வாங்கியவரின் கேள்விக்கு நோபல் பரிசுக்காரரும் பதில் சொல்ல முடியாது.

எங்கள் பையனின் பல்கலைக்கழகம் இவ்வளவு சாகசம் செய்யவில்லை. யூடியூபில் நேரலை. தலைவர் பேசுவார், டீன் பேசுவார், பிறகு ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு படம், ஒரு பெயர், ஒரு சில நொடி. ஒருவழிப் பாதை. நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் நம்மைப் பார்க்க முடியாது. இதை நான் விளக்கிச் சொல்லியும் அக்கா அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவங்களுக்கு நம்மளத் தெரியாது."

"நமக்கு நம்மளத் தெரியும்ல?"

அதற்கு மேல் பேச்சில்லை. அத்தானும் உள்ளே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கீழே வேட்டி. சலூன் எல்லாம் மூடிக் கிடந்ததால் தலைமுடி காதை மறைத்திருந்தது. கோட்டும் முடியுமாக அவரைப் பார்த்தால் பட்டம் கொடுக்கவே வந்த ஐரோப்பியப் பேராசிரியர் என்றுதான் எவரும் சொல்வார்கள். மே மாதத்து மதுரையில் கோட்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்காது.

அங்கே பையனும் அப்படித்தான். அங்கியும் தொப்பியும் கல்லூரி மூடுவதற்கு முன்பே பணம் கட்டி வாங்கியாகிவிட்டது, திருப்பி எடுக்கமாட்டார்கள். அதனால் அறைக்குள் முழு அலங்காரத்தில் இருந்தான். இடுப்புக்குக் கீழே அரைக்கால் சட்டை. இந்த அங்கி ஐரோப்பாவின் குளிர்ந்த கல் கட்டடங்களில் பாதிரியார்களும் மாணவர்களும் நடுங்காமல் இருக்கப் போட்டது. அதை வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப் போனான், நாமும் சேப்பாக்கத்து வெயிலில் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தோம். 2010இல் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இதைக் காலனியாதிக்கத்தின் காட்டுமிராண்டித்தனமான மிச்சம் என்று சொல்லிக் கழற்றிப் போட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவும் கைத்தறி உடுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. நியாயம்தான். ஆனால் நம் வீட்டுச் சுவர்களிடம் யார் சொல்வது? ஸ்டூடியோவில் வாடகை அங்கி மாட்டி, சுருட்டிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் தொங்காத பட்டதாரி வீடு உண்டா? அந்தக் காகிதம் பெரும்பாலும் சிவகாசிக் காலண்டர் என்பது ஸ்டூடியோக்காரருக்கும் பட்டதாரிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

ஏழரைக்கு இசை தொடங்கியது. எட்வர்ட் எல்கர் என்ற ஆங்கிலேயர் அமைத்த ஊர்வல இசை. 1905இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தபோது மரியாதைக்காக அதை வாசித்தார்கள். அமெரிக்காவில் பிறகு பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடம் முதல் பல்கலைக்கழகம் வரை இன்றும் விடவில்லை. பாட்டி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. தவில் இல்ல" என்று தீர்ப்பளித்தார்.

பெயர்கள் ஓடத் தொடங்கின. அப்போதுதான் ஒரு வினோதம். பையன் எங்களோடு வாட்ஸ்அப் வீடியோவிலும் இருந்தான். அவன் லேப்டாப்பில் வாசிக்கும் பெயர்கள் போன் வழியாக எங்கள் காதில் முதலில் விழுந்தன. அதே பெயர்கள் எங்கள் டீவியில் அரை நிமிஷம் கழித்து வந்தன. போதாததற்கு சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகளின் வாழ்த்து குடும்பக் குழுவில் குதித்தது. அவள் பார்த்துவிட்டாள், நாங்கள் இன்னும் பார்க்கவில்லை! பையன் அங்கே தொப்பியைத் தூக்கிக் கத்துகிறான். அவன் பட்டதாரியாகிவிட்டான். எங்கள் கூடத்தில் இன்னும் அவன் மாணவன்தான், திரையில் யாரோ ஒரு கொரியப் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த அரை நிமிஷத்துக்குள் அக்கா விளக்கேற்றப் போனாள், நான் படம் எடுக்கப் போனைத் தேடினேன், மின்விசிறி ஒரு தரம் நின்று மறுபடி ஓடியது. கரண்ட் முழுசாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. டீவி இன்வெர்ட்டரில் ஓடும், மோடம் ஓடாது.

வந்தது. பையனின் படம், கீழே பெயர். வாசித்த அம்மையார் அவன் பெயரைச் சுலபமாகத் தாண்டிவிட்டார். அடுத்து அப்பா பெயர். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரை நீட்டி எழுதியதுதான். அம்மையார் அதன் முன்னால் ஒரு கணம் நின்றார். மூச்சு இழுத்தார். "ஷான்... முகா... சண்டே... ராம்" என்று நான்கு தவணையில் கட்டி முடித்தார்.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார்.

பி.யு.சி.யோடு நின்றவர் அவர். அரசு பஸ் டிப்போவில் முப்பது வருஷம் 'சம்முவம்' என்றே கூப்பிடப்பட்டு ஓய்வுபெற்றவர். அவருடைய முழுப்பெயரை எந்த மேடையிலும் எவரும் வாசித்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட மாப்பிள்ளை பெயரைச் சுருக்கித்தான் அச்சடித்திருந்தார்கள். இப்போது ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம், ஒலிபெருக்கியில், தவணை முறையிலானாலும், முழுசாக வாசித்தது. "என் பேரத்தான் மாப்ள சொன்னா" என்றார் என்னிடம். கழுத்திலும் நெற்றியிலும் வியர்வை. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் பட்டம் வாங்கியதை நான் பார்த்தேன், அதற்குச் சாட்சி சொல்லத் தயார்.

பிறகு எல்லோரும் தொப்பிக் குஞ்சத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நகர்த்தலாம் என்று டீன் அறிவித்தார். பையன் அறையில் தனியாக நின்று நகர்த்தினான். கூட இருந்த தெலுங்குப் பையன் கை தட்டினான். "இதுக்குத்தானா ரெண்டு வருஷம்?" என்றார் பாட்டி. "அத்தை, அங்க அதுதான் முகூர்த்தம்" என்றாள் அக்கா. உடனே பாட்டி அட்சதையை எடுத்து டீவி மேல் போட்டார். டீவிக்குப் பின்னால் அரிசி பொறுக்கும் வேலை எனக்கு வந்தது. தாய்மாமன் சீரை கூகுள் பேயில் அத்தான் கணக்குக்கு அனுப்பினேன். தட்டு, பழம், வேட்டி துண்டு ஒன்றுமில்லை. ஆனால் அனுப்பிய அடுத்த நொடியில் எவ்வளவு என்பது மொத்த வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் பழைய முறையே மேல். கவருக்குள் இருப்பது மறுநாள் வரை தெரியாது.

ஜூன் 7ஆம் தேதி யூடியூப் அந்த வருஷத்துப் பட்டதாரிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய விழா எடுத்தது. ஒபாமா தம்பதி, பியான்சே, பி.டி.எஸ். பையன்கள் என்று ஏகப்பட்ட கூட்டம். எங்களுக்கு அதில் ஒரே ஒருவர்தான் முக்கியம்: மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. தான் அமெரிக்கா போக அப்பா ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளத்தை விமான டிக்கெட்டுக்குச் செலவழித்தார் என்றும், வீட்டுக்குப் போன் பேச நிமிஷத்துக்கு 2 டாலருக்கு மேல் ஆனது என்றும் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "ஒரு வருஷச் சம்பளந்தானா? சல்லிசா முடிச்சிருக்காருய்யா" என்றார்.

இதெல்லாம் முடிந்து இப்போது அரங்கங்கள் திறந்து, விழாக்கள் பழையபடி நடக்கின்றன. இரண்டு பாஸும் திரும்பி வந்துவிட்டது. நல்லது. தொப்பியைத் தூக்கிப் போடக் கூட இருபது பேர் வேண்டும்தான், அறைக்குள் போட்டால் மின்விசிறியில் மாட்டும். பல நிறுவனங்கள் நேரலையும் வைத்திருக்கின்றன. ஆனால் நம்மூர் நேரலைகள் சிலவற்றைப் பார்த்தேன். விருந்தினர் கார் வருவது, பூங்கொத்து, சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் சாங்கோபாங்கமாக ஓடுகிறது. தங்கப் பதக்கம் முடிந்து விருந்தினர் கிளம்பியதும் கேமராவும் அவர் பின்னாலேயே கிளம்பிவிடுகிறது. மற்ற பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கும்போது திரையில் கல்லூரி முத்திரை மட்டும் நிற்கிறது.

துணைவேந்தர்களே, முதல்வர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். சால்வை போர்த்துவதை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம், அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசைக் கடைசிப் பிள்ளையின் பெயரை, அவன் அப்பன் பெயரோடு சேர்த்து வாசித்து முடிக்கும்வரை கேமராவை அணைக்காதீர்கள்.