ஏழரை லட்சமும் சனியும்

லண்டன் வெம்பிளி மைதானத்தை 1923இல் 300 நாளில் எழுப்பிவிட்டார்கள். செலவு ஏழரை லட்சம் பவுண்டு. கம்ப்யூட்டரெல்லாம் வந்த பிறகு அதை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள்: 2000இல் பூட்டியது 2007இல்தான் திறந்தது, கிட்டத்தட்ட 80 கோடி பவுண்டை விழுங்கிவிட்டு. ஏழரை பழையதற்கு; சனி புதியதற்கு.

அதுவரை, வெம்பிளியில் நடக்க வேண்டிய எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் ஆறு வருஷம் வேல்ஸின் கார்டிஃபில். வீட்டில் வெள்ளையடிப்பு முடியாததால் பக்கத்து ஊர் மண்டபத்தில் கல்யாணம்! இதற்கிடையே புதிய வெம்பிளியில் 2,618 கழிப்பறைகள் என்று பெருமை வேறு. 2006இல் பார்த்தால், மைதானத்துக்கடியில் கழிவுநீர்க் குழாய்கள் நெளிந்து கிடந்தன. மேலே 315 மீட்டர் இரும்பு வளைவு, பிளானில் போட்டபடி வளைந்தது. குழாய் தானாகவே வளைந்துகொண்டது.