புதுக்கோட்டை மாவட்டக் குடும்பங்களும் புல்டாக் தேர்வும்: ஒரு குறட்டையியல் அணுகுமுறை

இத்தலைப்பில் இதற்கு முன் ஆய்வு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆகவே, முந்தைய ஆய்வாளர்கள் அனைவரும் பிழைபட்டவர்கள் என்று நிறுவும் வழக்கமான முதல் இயலை எழுத இயலவில்லை. இரண்டாம் இயல் நெறியாளரின் விருப்பப்படி நீக்கப்பட்டது.

ஆய்வு எல்லை: மேற்கே பொன்னமராவதி, கிழக்கே கோட்டைப்பட்டினம் கடல், மேலே கத்திரி வெயில். முதன்மைச் சான்று: அத்தை. துணைமைச் சான்று: மற்ற அனைத்தும். கருதுகோள்: குடும்பங்கள் நாயைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஒரு மூஞ்சியைத் தேர்ந்தெடுக்கின்றன. நாய் அதன் பின்னால் வந்து சேர்கிறது.

எப்பொருளை ஆய்ந்தாலும் அதன் தொன்மையை நிறுவாவிட்டால் இங்கே பட்டம் கிடைக்காது. எனவே சித்தன்னவாசல். குகையின் கூரையில் தாமரைக்குளம் தீட்டியிருக்கிறார்கள். மீன் உண்டு, பறவை உண்டு, யானை உண்டு, பூப்பறிப்பவரும் உண்டு. புல்டாக் இல்லை. கத்துக்குட்டிகள் இந்த இடத்தில் சோர்ந்துவிடுவார்கள். அவ்வோவியத்தில் கணிசமான பகுதி உதிர்ந்துவிட்டது என்பதை முதிர்ந்த ஆய்வாளர் மறப்பதில்லை. உதிர்ந்த காரையில் புல்டாக் இல்லை என்று எவராலும் மெய்ப்பிக்க முடியாது. தமிழகத்தின் முனைவர் பட்டங்கள் பல அந்தக் காரையின் மீதுதான் நிற்கின்றன.

இனி வகைப்பாடு.

நாட்டு நாய்: கேட்காமலே வந்துவிடுவதால் தேர்வு என்ற கேள்வி எழவில்லை.

பக்: இது புல்டாக் அல்ல. ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடியதால் இப்பட்டியலுக்குள்ளும் ஓடிவந்துவிட்டது.

அமெரிக்கன் புல்டாக்: 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆபத்தானவை என்று பட்டியலிட்ட 23 இனங்களில் இதுவும் ஒன்று. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மே மாதம் தமிழக அரசு தடை அறிவித்து, அந்தச் சூடு ஆறுமுன் திரும்பப் பெற்றது. இவ்வளவு வேகமாக நகரும் பொருளை ஆய்வேட்டில் வைக்க இயலாது.

பிரெஞ்சு புல்டாக்: பிறந்தது இங்கிலாந்து. 19-ஆம் நூற்றாண்டில் நாட்டிங்காம் நகரத்துப் பூப்பின்னல் தொழிலாளர்கள் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குப் போனபோது தங்கள் குட்டை நாய்களையும் கொண்டுபோனார்கள். போன ஊர்ப் பெயரே நாய்க்கு நிலைத்துவிட்டது. அறந்தாங்கிப் பக்கம் சிங்கப்பூரார் வீடு என்று சொல்வதில்லையா, அதுபோல.

இங்கிலீஷ் புல்டாக்தான் விரிவாகப் பேசத்தக்கது. கட்டிப்போட்ட காளையின் மூக்கைக் கவ்வ வளர்க்கப்பட்ட இனம் இது. அந்த விளையாட்டை இங்கிலாந்து 1835-இல் தடை செய்தது. நம் தச்சங்குறிச்சி வாடிவாசலில் திமிலைப் பிடிக்கலாம், மூக்கைத் தொடக் கூடாது. ஆக உலகில் மாடு பிடிப்பதில் திமில் மரபு, மூக்கு மரபு என இரண்டு இருந்திருக்கின்றன. இதைக் கண்டறிந்தவன் நானே என்று இங்கே பதிவு செய்து வைக்கிறேன். நாளை இன்னொருவர் அடிக்குறிப்போடு திருடுவார். காளையைக் கவ்வியபடியே மூச்சுவிட வசதியாகத்தான் புல்டாக்கின் மூக்கு உள்ளே போனதாம். நாய்ப் புத்தகங்கள் இதை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. இன்றைய புல்டாக் எதையும் கவ்வாதபோதே மூச்சுக்குத் திணறுகிறது. “இது மாட்டப் புடிக்கவா? அந்தக் காசுக்கு மாடே புடிச்சுப்புடலாமே” (அத்தை, வாய்மொழி).

ஆய்வின் உயிர்நிலை குறட்டை. குடுமியான்மலைப் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதிகள், சுரங்களை நான்கு நான்காக அடுக்கி வெட்டியிருக்கிறார்கள். வெட்டுவித்தது மகேந்திரவர்மன்தானா என்று அறிஞர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். பாடிப் பார்த்தவர்கள் குறைவு. நான் அதே முறையில் தெற்குத் தெரு வீட்டுப் புல்டாக்கின் குறட்டையை நான்கு நான்காகப் பிரித்தேன். உண்டபின் குறட்டை கீழ் ஸ்தாயியில் தொடங்கி ஏப்பத்தில் முடிகிறது. உறக்கக் குறட்டையில் ஒவ்வொரு நான்கின் இறுதியிலும் ஒரு நீண்ட மௌனம் வருகிறது. வீட்டார் எழுந்து வந்து பார்க்குமளவுக்கு நீண்ட மௌனம். மூன்றாவது, விழிப்புக் குறட்டை. கண் திறந்திருக்கும்போதே குறட்டை விடும் திறன் இரண்டு இனங்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது: ஒன்று புல்டாக், மற்றது கருத்தரங்கின் பிற்பகல் அமர்வுக்குத் தலைமை தாங்குவோர்.

அம்மௌனத்தை இசை நோக்கில் ‘கார்வை’ என்று விளக்கி எழுதிக்கொண்டிருந்தேன். “ஏப்பா, அது மூச்சு விடமுடியாமக் கெடக்குது, நீ தாளம் போட்டுக்கிட்டிருக்கே” (அத்தை, வாய்மொழி, திருத்திய இரண்டாம் பதிப்பு, மாமா கடைக்குப் போயிருந்தபோது). இசைப் பயிற்சி இல்லாதவர் கூற்று என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் கால்நடை மருத்துவர்களும் அத்தை கட்சியே. மண்டையோட்டைக் குட்டையாக்கினார்கள், உள்ளே இருக்கும் சதை குட்டையாகவில்லை. மெல்லண்ணம் நீண்டு தொண்டையை அடைக்கிறது, நாசித்துளை கீறலாய் ஒடுங்குகிறது. நாய் உடற்சூட்டைத் தணிப்பதே நாக்கை நீட்டி இளைத்துத்தான். இளைக்க முடியாத நாயைக் கத்திரியில், கரண்ட் போன மதியத்தில், புதுக்கோட்டையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆய்வேடு வேண்டாம்.

பிரசவமும் அப்படியே. பிரிட்டனில் 2010-இல் வெளியான ஆய்வொன்றில் புல்டாக் ஈற்றுகளில் பத்தில் எட்டுக்கு மேல் அறுவை சிகிச்சைதான். “தலையப் பெருசாக்கி இடுப்பச் சின்னதாக்கினது யாரு? அவனக் கூப்பிட்டு மொதல்ல பிரசவம் பாக்கச் சொல்லு” (அத்தை, வாய்மொழி, மூன்றாம் பதிப்பு, கோபப் பாடம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்ததால் சில சொற்கள் சிதைவு). அதே நாட்டின் 2022 ஆய்வு, பிறக்கும் குட்டிக்குக் கிட்டும் சராசரி ஆயுளைக் கணக்கிட்டது: ஜாக் ரசல் டெரியருக்கு 12.7 ஆண்டு, இங்கிலீஷ் புல்டாக்குக்கு 7.4, பிரெஞ்சு புல்டாக்குக்கு 4.5. இந்த எண்களுக்கு அத்தை உரை எழுத மறுத்துவிட்டார்.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளைகள் அந்த மூஞ்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால்? நாசித்துளை திறந்திருக்கும் குட்டியைப் பார்க்க வேண்டும், அதன் தாயை நேரில் நடக்கவிட்டு மூச்சிரைக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். தாயைக் காட்ட மறுத்து, செல்போனில் படம் அனுப்புகிறவரிடம் வாங்கக் கூடாது. இதற்கு நம்மிடம் மூலநூல் உண்டு: “பொண்ணு எடுக்கப் போனா ஆத்தாவப் பாப்பம்ல, நாயின்னா மட்டும் போட்டோவா?” (அத்தை, வாய்மொழி, ஆராய்ச்சிப் பதிப்பு; திண்ணைப் படியும் கொல்லைப் படியும் ஒப்பிட்டுச் செப்பம் செய்யப்பட்டது; மாமா இடைச்செருகல் என்று ஐயுறும் மூன்று வரிகள் நீக்கம்; ‘இதையெல்லாமாடா எழுதுவே’ என்ற பிற்குறிப்பு மூலத்திலேயே உள்ளது).