ஐந்து வயதுப் பட்டதாரிகள் பற்றிய விளக்கக் கடிதம்

பெறுநர்: கல்வி அமைச்சு, இசுருபாய, பத்தரமுல்லை
பொருள்: கல்கிசை முதல் கொட்டாஞ்சேனை வரை இயங்கும் மொண்டிசோரிகள்

கொழும்பில் முன்பள்ளி எதுவானாலும் அதற்கு மொண்டிசோரி என்று பெயர். மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பரிசும் தண்டனையும் கைவிடப்பட்டன. பிள்ளை விரும்பிய வேலையைத் தானே எடுத்துச் செய்தது. உலகப் போரினால் இந்தியாவில் தங்க நேர்ந்த அம்மையார் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அந்த முறையை இன்றும் காப்பாற்றுகிற இடங்கள் உண்டு. மற்ற இடங்களில் பெயர்ப்பலகை காப்பாற்றப்படுகிறது.

அங்கே மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொப்பி உண்டு, வீட்டுவேலையும் உண்டு. பக்கம் முழுக்க 'அ' எழுத வேண்டும். சுழி கோட்டைத் தாண்டினால் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருப்பதில்லை என்பது பாடத்திட்டத்துக்குத் தெரியாது. ஐந்து வயதில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு விழா. தொப்பி கண்ணை மறைப்பதால் பட்டம் தந்தவர் யாரென்று பட்டதாரிக்குத் தெரிவதில்லை. பிறகு வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். கல்கிசையில் ரயில்பாதையைத் தாண்டினால் கடற்கரை. தோண்டவும் அளந்து கொட்டவும் சண்டைபிடித்துச் சமாதானமாகவும் அங்கே மணல் இருக்கிறது. அதற்குக் கட்டணம் அறவிட முடியாததால் பாடத்திட்டத்தில் சேரவில்லை போலும்.

இதெல்லாம் முதலாம் தரத்துக்கான ஆயத்தம் என்கிறார்கள் பெற்றோர். அரச பாடசாலை அனுமதிக்கான அமைச்சின் சுற்றறிக்கையிலோ பிள்ளைக்கு 'அ' தெரியுமா என்ற கேள்வியே இல்லை. காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்கட்டணப் பட்டியல் ஆகியவற்றுக்குப் புள்ளி உண்டு. வீட்டுக்கு இன்னும் கிட்ட வேறு அரச பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். ஆக, நேர்முகத்தில் பரிசோதிக்கப்படுவது வீட்டின் முகவரி. பிள்ளை எழுதப் பழகியது, பரிசோதிக்கப்படாத ஒரு பாடத்தை.

உண்மையான பரீட்சை ஐந்தாம் தரத்தில் வருகிறது. வருடந்தோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை அது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து டியூசன் வகுப்புகள் தடை. மீதி நாட்களில் தடையில்லை.

முன்பள்ளியிலேயே எழுதப் பழக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1967இல் தொடங்கிய ஓர் ஆய்வு, வறிய குடும்பப் பிள்ளைகள் 68 பேரை மூன்று வகை முன்பள்ளிகளில் சேர்த்தது. ஒன்றில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுத்தும் எண்ணும்; மற்ற இரண்டிலும் பிள்ளை தானே தெரிவுசெய்த வேலையும் விளையாட்டும். தொடக்கத்தில் எல்லாருடைய நுண்ணறிவுப் புள்ளிகளும் உயர்ந்தன. வித்தியாசம் பின்னர்தான் தெரிந்தது: 23 வயதில், எழுத்துப் பயிற்சி பெற்றவர்களிடையே குற்றங்களுக்காகக் கைதானவர்கள் அதிகம். சிறிய ஆய்வுதான், அதைவைத்துச் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் பெரிய புதிர் ஒன்றும் இதில் இல்லை. பயமில்லாத பிள்ளை கேள்வி கேட்கும். பிழைத்தால் திரும்பச் செய்து பார்க்கும். பிழைக்கு ஏச்சு வாங்கிய பிள்ளை, பிழைக்காமலிருக்க வழி செய்யாமலிருப்பதே என்று கண்டுகொள்ளும். அவசரப்படாத நாடுகளும் உண்டு: பின்லாந்தில் முறையான பள்ளி ஏழு வயதில்தான் தொடங்குகிறது.

எனவே அமைச்சிடம் கோரப்படுவது ஒரேயொரு வரி: முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைக்கு எழுதவோ வாசிக்கவோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று மொழிகளிலும் வெளியிடலாம். அறிவித்தல் பலகையில் ஒட்டினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். மின்கட்டணப் பட்டியலில் அச்சிடுவது உத்தமம். அனுமதி கிடைக்கும்வரை பெற்றோர் பத்திரமாக வைத்திருக்கும் காகிதம் அதுதான்.

இங்ஙனம்,
கல்கிசை வாக்காளர் இடாப்பில் பெயருள்ள ஒருவர்