அரக்கோணத்துச் சக்கரவர்த்தி

காலை லோக்கலில் சென்ட்ரல் போகும் கூட்டத்தில் சக்கரவர்த்தியை அடையாளம் காண்பது சுலபம். ஜன்னலோரம் இருப்பார். மடியில் சாப்பாட்டுப் பை, காதில் இயர்போன். செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் வரைபடத்தைக் காட்டி, எந்த மாகாணத்தை முதலில் வளைக்கலாம் என்று பாடம் நடத்திக்கொண்டிருப்பார். பகலில் சென்னையில் ஏதோ கம்பெனிக்குக் கணக்கெழுதுகிறவர். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பட்டாபிஷேகம்.

காசு விஷயத்தில் மகா கறார். ரயிலில் விற்கும் சமோசா விலை கொஞ்சம் ஏறினால் திருநின்றவூர் வரை புலம்புவார். ஷேர் ஆட்டோவில் சில்லறை பாக்கி வராமல் இறங்கமாட்டார். ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு புது டிஎல்சி, அதாவது விளையாட்டுக்கான துணைப் பாகம், தலைகாட்டினால் போதும், ஓடிபி வரும் வரைக்கும்கூடப் பொறுமை இருக்காது.

லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இது புரிவதே இல்லை. “இன்ஜின் வாங்கினா சக்கரத்தையும் சேத்துத்தான்டா குடுப்பான்?”

“அது வேறப்பா. இது கன்டென்ட்டு.”

அப்பா கேட்டதில் தப்பில்லை. 2012இல் வந்த ‘க்ரூசேடர் கிங்ஸ் 2’ விளையாட்டை 2019இல் இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். துணைப் பாகங்களுக்குத்தான் காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதிலும் இந்தியா வந்த விதம் இருக்கிறதே! 2014இல் வரைபடத்தில் இந்தியாவை எல்லாருக்கும் சும்மாவே சேர்த்தார்கள். இந்திய ராஜாவாக உட்கார்ந்து ஆளவேண்டும் என்றால் ‘ராஜாஸ் ஆஃப் இந்தியா’ வாங்கவேண்டும். அதாவது பார்க்க இலவசம், ஆளக் கட்டணம். நம்மவர் கட்டினார்.

2022 ஏப்ரலில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’க்கு ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வந்தது. அதில் திராவிடர் படை உண்டு, ராஜேந்திர சோழனின் படையெடுப்பு உண்டு. தமிழன் என்ற முறையில் அதற்கும் கட்டினார். அதே வருஷம் அக்டோபரில் ஸ்டீமை நடத்தும் வால்வ், நாட்டுக்கு நாடு பரிந்துரைக்கும் விலைப்பட்டியலைத் திருத்தியது. பல விளையாட்டுகளின் ரூபாய் விலை எகிறியது. சமோசாவுக்குக் கொதித்த வாய் அப்போது பொருளாதாரம் பேசியது: “டாலர் ஏறுதுல்ல? அவனும் இன்னா பண்ணுவான், பாவம்.”

2025இல் ‘சிவிலைசேஷன் 7’ வந்தபோது சோழர்கள் மூல விளையாட்டிலேயே இருந்தார்கள். பிரிட்டனைத்தான் தனியாக விற்றார்கள். அதை வாங்கிவிட்டு ரயிலில் அவர் சொன்ன நியாயத்தை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை: “இருநூறு வருஷம் அவன் நம்மள வெச்சிருந்தான். இப்ப நான் காசு குடுத்து அவனையே வாங்கிட்டேன் சார்.”

வாங்கியதையெல்லாம் ஆடுகிறாரா என்று கேட்கக்கூடாது. எத்தனை மணி நேரம் ஆடினோம் என்று ஸ்டீமே கணக்குக் காட்டும். அந்த ஒரு கணக்கை மட்டும் அவர் தணிக்கை செய்வதில்லை.

இப்போதைய லட்சியம் தக்கோலம். ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற அதே தக்கோலம்தான். 949இல் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்ட இடம். அந்தத் தோல்வியைத் திருத்தி எழுதவேண்டுமாம். இலவசமாகக் கிடைக்கும் ‘க்ரூசேடர் கிங்ஸ் 2’ 1066இல் தொடங்குகிறது. 867க்குப் பின்னோக்கிப் போக ‘ஓல்டு காட்ஸ்’ என்று ஒரு டிஎல்சி, சோழனாக ஆள இன்னொன்று. இரண்டும் இருந்தாலும் 867இல் தொடங்கும் ஆட்டத்தில் ராஜாதித்தன் பிறப்பான் என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வியூகம் வகுத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார்.

“தக்கோலம் ஜலநாதீஸ்வரர் கோயிலுக்கு ஒரு வாட்டி இட்டுனு போடா.”

“அடுத்த வாரம் பாக்கலாம்மா. போக வர பஸ் சார்ஜே எவ்ளோ ஆவும் தெரியுமா?”

“டவுன் பஸ்ஸுல எனக்கு ஃப்ரீடா. நீதான் டிக்கெட் எடுக்கணும்.”