குந்தவைக்கு ஒரு பொறுமை, சிக்னலுக்கு ஒரு பொறுமை

கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவல் 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்தது. குந்தவை, வந்தியத்தேவன் காதல் எங்கே போய் முடியும் என்று தெரிய வாசகர்கள் மூன்றரை ஆண்டு பொறுத்தார்கள். ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு, "அந்த மௌனம் இருக்கே, அதுதான் சார் காதல்" என்று கண் கலங்குபவர்கள் இன்றும் உண்டு.

அப்படியொருவர் எனக்கு நண்பர். அந்த நாவலில் வரும் நந்தினி ஏன் அப்படி ஆனாள் என்று கேட்டுவிட்டால் போச்சு, காபி ஆறும்வரை அவள் பக்கத்து நியாயத்தை எடுத்துவைப்பார். அவள் கணவர் பெரிய பழுவேட்டரையரின் வயசான மனசைக்கூடப் புரிந்துகொள்வார். மனைவி மட்டும் "இன்னிக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால், "சுருக்கமா சொல்லும்மா". சிக்னலில் இன்னும் 7 விநாடி பாக்கி இருக்கும்போதே கை ஹாரனுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் மகன் பதில் போடவில்லையா? அந்த மௌனம் காதல் கணக்கில் வராது, திமிர்.

கதைக்கு வெளியே, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று சொல்லி, மேற்கொண்டு தானக் கணக்குக்குப் போய்விடுகிறது. கல்லில் வெட்டுகிறவருக்குக் காதலா முக்கியம்? நண்பருக்கு இதில் தீராத வருத்தம். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் எப்படி இருந்தார்கள் என்று கல்கியும் விரிவாக எழுதாமல் விட்டுவிட்டாராம்.

"எழுதியிருந்தா வந்தியத்தேவனும் 'சுருக்கமா சொல்லுங்க தேவி'ன்னுதான் சொல்லியிருப்பான்" என்றேன்.

"அவனுக்கு ஆயிரம் ராஜகாரியம் சார்" என்றார், உடனே.