ஒரு அவுட்டுக்கு ஒரு ஆள்

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "9999 இன் 1" என்று போட்டிருந்தது. கையளவு கருவி ஒன்றுக்குள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டு. நாளைக்கு ஒன்று வீதம் ஆடினால்கூட முடிக்க 27 வருஷத்துக்கு மேல் ஆகும். தொண்ணூறுகளின் நடுவில் சித்தப்பா அதைத் துபாயிலிருந்து கொண்டுவந்தபோது, முழுப் பரீட்சை லீவு இரண்டே மாசம்தானே, எப்படிப் போதும் என்று மனப்பூர்வமாகக் கவலைப்பட்டோம்.

உள்ளே இருந்தது கட்டை அடுக்குவது, பாம்பு, டேங்க்கு, கார் ரேஸ், ரோட்டைக் கடக்கும் தவளை, பந்தால் சுவரை உடைப்பது. அவ்வளவுதான். கார் ரேஸில் ஸ்பீடை ஒரு புள்ளி ஏற்றினால் அது தனி விளையாட்டாம். ரோடு இடமிருந்து வலமாக மாறினால் இன்னொன்றாம். அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டு ரசம் தினமும் ஒரு புதுப் பதார்த்தம். திரையில் இருந்ததே பத்துக்கு இருபது, மொத்தம் 200 சதுரம். அதில் ஏழு சதுரம் கறுப்பானால் கார். கார் என்று பெட்டியில் போட்டிருந்ததால் நாங்களும் கார் என்று ஒத்துக்கொண்டோம்.

அந்தக் கருவி யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டதுதான். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனியில் குன்பெய் யோகோய் என்று ஒரு பொறியாளர். புல்லட் ரயிலில் ஒரு ஆபீஸ்காரர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்குக் கையடக்க விளையாட்டின் யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. 1989இல் 'கேம் பாய்'. புத்தம்புதுத் தொழில்நுட்பத்தைத் துரத்தாதே, பழசாகி விலை இறங்கினதை எடுத்துப் புதுசாக யோசி என்பது அவருடைய கொள்கை. அதனால் கேம் பாயில் கலரும் இல்லை, திரைக்கு விளக்கும் இல்லை. போட்டிக்கு வந்த சேகாவின் 'கேம் கியர்' கலர், வெளிச்சம் எல்லாம் வைத்துக்கொண்டு ஆறு செல்லை ஐந்து மணி நேரத்துக்குள் தின்று தீர்த்தது. கேம் பாய் நாலு செல்லில் நாள் முழுக்க ஓடியது. ஜெயித்தது எது என்று செல் வாங்கித் தரும் எந்த அப்பாவைக் கேட்டாலும் சொல்வார்.

அமெரிக்காவில் கேம் பாயோடு சேர்த்தே கொடுத்த விளையாட்டு டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. எங்கள் கையிலிருந்தது அந்த உருவத்தையும் இந்த உயிரையும் யாரிடமும் கேட்காமல் எடுத்து ஒட்டிய சரக்கு. வளைகுடாப் போரில் குண்டு விழுந்து கருகிப்போன கேம் பாய் ஒன்று அப்புறமும் வேலை செய்தது. நியூயார்க்கில் நிண்டெண்டோ கடையில் வருஷக்கணக்காக அதைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். எங்களுடையது திண்ணையிலிருந்து விழுந்ததற்கே செல் மூடி தெறித்துப் போய், மிச்ச ஆயுசை ரப்பர் பேண்டோடு கழித்தது.

அதற்கு இரண்டு பென்சில் செல் வேண்டும். புதுசு வாங்கக் காசு கேட்டால் புத்தகத்தை எடுக்கச் சொல்வார்கள். எனவே பெரியம்மா பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஹால் கடிகாரத்தில் ஒரு செல், அடுக்களைக் கடிகாரத்தில் ஒரு செல். மத்தியானம் பெரியவர்கள் கண்ணயர்ந்ததும் இரண்டையும் கழற்றி விடுவான். அன்றைக்கெல்லாம் எங்கள் வீட்டில் இரண்டேகால் மணி வெகு நேரம் இருக்கும். அப்பத்தா எழுந்து பார்த்து, "இன்னும் காப்பிக்கு நேரமாகலையா" என்று மறுபடி படுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல். செல்லைக் கழற்றினால் கருவிக்குள் பதிந்திருந்த அதிகபட்ச ஸ்கோர் அழிந்துவிடும். கடிகாரம் ஓட வேண்டுமென்றால் சாதனை போயாக வேண்டும். ஆகவே எங்கள் குடும்பத்துச் சாதனைகள் எதற்கும் அத்தாட்சி கிடையாது. அதே பெரியம்மா பையன் இன்றைக்கு ஒரு வங்கிக் கிளைக்கு மேனேஜர். ஆவணம் இல்லாமல் யாருக்கும் பத்து ரூபாய் கடன் தர மாட்டான். ஆனால் கல்யாண வீடுகளில், அந்தக் காலத்தில் தான் எடுத்த ஸ்கோரை மட்டும் நாம் வாய்வார்த்தையாக நம்ப வேண்டும். அது வேறு, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கொஞ்சம் ஏறுகிறது.

ஒருவர்தான் ஆட முடியும். நாங்கள் எட்டுப் பேர். ஒரு அவுட்டுக்கு ஒரு ஆள் என்பது சட்டம். மிச்சம் ஏழு பேரும் சும்மா இருப்போமா? "திருப்பு, திருப்புடா! அந்த ஓட்டைய விடு, நெட்டைக் கட்டை வரும்!" ஆடுபவன் தலைக்கு மேல் ஏழு தலை. தலைகளின் நிழலில் திரை தெரியாது. அதனாலேயே பாதிப் பேர் அவுட். அத்தை மகள் ஒருத்தி மட்டும் எந்தக் கூச்சலும் காதில் விழாதவளாக, உச்ச ஸ்பீடில் முக்கால் மணி நேரம் ஆடுவாள். அவள் கையில் கருவி போய்விட்டால் நாங்கள் பிள்ளையாருக்கு வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கு ஒரு ஆறுதல் பின்னால் கிடைத்தது. டெட்ரிஸை யாராலும் முடிவில்லாமல் ஆட முடியாது என்று தொண்ணூறுகளிலேயே கணித அறிஞர்கள் நிரூபித்திருக்கிறார்கள். எஸ், இசட் மாதிரி வளைந்திருக்கும் இரண்டு கட்டைகள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட கையும் 70,000 கட்டைக்குள் அவுட். குலுக்கல் முறையில் வருவதால் என்றாவது ஒரு நாள் அப்படி வந்தே தீரும். பிள்ளையாருக்கு முன்னாலேயே கணிதம் எங்கள் பக்கம் இருந்திருக்கிறது. என்ன, பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தரவில்லை.

இப்போது என்னிடம் பழைய கருவிகள் ஒரு டிராயர் நிறைய இருக்கின்றன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி எடுத்த கட்டை கேம், பழசாக வாங்கிய கேம் பாய், பெயர் அழிந்த இன்னும் சில. பட்டனுக்கு அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் அழுக்கேறினால் அமுங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருகாணி கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். "கிரைண்டர் ஒரு மாசமா ஆடுது. அதையும் நீங்க கேம்னு நெனச்சா நல்லாருக்கும்" என்பது வீட்டம்மாவின் கருத்து.

பெரிய ஏமாற்றம் என்னவென்றால், ஆடினால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடுகிறது. செல்லுக்குப் பஞ்சமில்லை. எல்லா அவுட்டும் என்னுடையது. பிடுங்க ஆளில்லாத விளையாட்டை எவ்வளவு நேரம்தான் ஆடுவது?

ஒரு நாள் அந்தக் கட்டை கேமை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து பட்டனைத் தட்டினேன். அந்த டிங் டிங் சத்தம் கேட்டதும், தலை நரைத்தவர்களும் தலையே வழுக்கையானவர்களும் டிபன் பாக்ஸோடு வந்து சூழ்ந்தார்கள். "திருப்புங்க சார், திருப்புங்க! அந்த ஓட்டைய விடுங்க, நெட்டை வரும்!" மரியாதையைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. வரிசைதான் மாறிப்போயிற்று. முதல் அவுட்டு ஜி.எம்.முக்கு, அடுத்தது டி.ஜி.எம்.முக்கு என்று பதவிப்படி போனது. கருவிக்குச் சொந்தக்காரனான எனக்கு மணி இரண்டு வரை முறை வரவில்லை. ரொம்ப நாள் கழித்து வயிறெரிந்து, சந்தோஷமாக இருந்தேன்.

அன்றைக்கு ராத்திரியே ஊருக்குப் போன் போட்டு, சித்தப்பா கொண்டுவந்த பழைய கருவி எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதுவா? பழைய சாமான்காரன்கிட்டப் போட்டு எத்தனையோ வருஷமாச்சேடா. ஒரு பிளாஸ்டிக் மக் குடுத்தான்."

இந்த மாதிரிப் பொருளை இன்றைக்கு உலகம் முழுக்க விலை கொடுத்துத் தேடுகிறார்கள் என்று விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அந்த மக் இன்னும் பாத்ரூம்லதான் கெடக்கு. அதுவும் பழசுதான். வேணும்னா வந்து எடுத்துக்க. வரும்போது புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா."