ஆதி குணசேகரனின் அட்டவணை

புதுச்சேரியின் பாகூரில் சூரியன் எப்போது மறைய வேண்டும் என்பதை இன்னும் இயற்கையிடமே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்காகத் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மற்றபடி அந்த ஊரில் உலை எப்போது கொதிக்க வேண்டும், பிள்ளை எப்போது புத்தகத்தை மூட வேண்டும், நடவு வேலை முடித்து இடுப்பு ஒடிந்து வந்தவள் எப்போது பாயை விரிக்க வேண்டும் என்பதெல்லாம் சென்னையிலும் மும்பையிலும் ஏ.சி. அறைகளில்தான் முடிவாகிறது. ஸ்லாட் ஒதுக்குகிறவர்கள் வயலில் கால் வைத்ததில்லை. அதனாலென்ன, நேரம் அவர்களுடையது.

இரவு ஏழரைக்கு ஒரு தொடர். இரண்டு வருடமாக வில்லியனூரில் ஒரு தெருவே அந்த அரை மணிக்குத் தன் வேலைகளை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும். ஒரு சனிக்கிழமை திரையில் ஒரு ப்ரோமோ மின்னும்: திங்கள் முதல் புதிய நேரத்தில். ஏனென்றால் புதிதாக ஒரு தொடர் பிறக்கப்போகிறது, அதற்கு நல்ல இடம் வேண்டும். பழையது பத்து மணிக்குப் போ, இல்லையென்றால் மத்தியானத்துக்குப் போ. புறம்போக்கில் குடிசை போட்டவரைக்கூட நோட்டீஸ் ஒட்டிவிட்டுத்தான் காலி செய்யச் சொல்கிறது அரசாங்கம். விஜய் டிவியில் பிக் பாஸ் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2017 முதல் ஆண்டுதோறும் நூறு நாள் விருந்தாளி வருகிறார். வீட்டில் இருப்பவர்கள் திண்ணைக்குப் போக வேண்டும். சிலர் திரும்பி வருவதே இல்லை. இதில் ஏமாறுவது ஆயாக்கள்தான். ஆறு மணியிலிருந்து ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நம்ம புள்ள எங்கம்மா போச்சு?" என்று மருமகளிடம் கேட்பார்கள். அந்தப் புள்ள பத்து மணி ஸ்லாட்டில் அழுதுகொண்டிருக்கும். ஆயா அதற்குள் தூங்கிவிடும்.

'எதிர்நீச்சல்' கதைக்கு வருவோம். திருச்செல்வம் இயக்கத்தில் 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கிய தொடர். ஆதி குணசேகரன் என்ற ஒற்றை ஆள், வீட்டுப் பெண்கள் எங்கே போகலாம், என்ன பேசலாம், வேலை பார்க்கலாமா கூடாதா என்று எல்லாவற்றையும் தானே தீர்மானிப்பான். யாரையும் கேட்க மாட்டான். மாரிமுத்து அந்த வேடத்தில் அத்தனை உயிரோடு இருந்ததால், 2023 செப்டம்பர் 8 அன்று அவர் இறந்தபோது ஒரு வில்லனுக்காக ஊர் ஊராகப் பெண்கள் அழுதார்கள். பிறகு வேல ராமமூர்த்தி வந்தார், கதை தொடர்ந்தது. மருமகள்கள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கினார்கள். கரையேறுவார்களா என்று தெருவே காத்திருந்தபோது, 2024 ஜூனில் முடித்துக் கட்டினார்கள். அரை வருடம் கழித்து டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று ஒரு தலைப்பு வந்தது. மருமகள்களில் ஒருத்தியான ஜனனி வேறொரு முகத்தோடு வந்தாள்.

இரண்டு வருடம் நான்கு மாதம் ஒரு தொடர் பெண்களுக்கு ஒரே பாடத்தை நடத்தியிருக்கிறது: உங்கள் வாழ்க்கையை உங்களைக் கேட்காமல் ஒருவன் முடிவு செய்தால் எதிர்த்துக் கேளுங்கள். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடத்தை யாரையும் கேட்காமல் இழுத்துப் பூட்டினார்கள். நிஜமான ஆதி குணசேகரன் திரைக்குள் இருக்கவில்லை. அவர் வெளியே உட்கார்ந்து அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. பார்க் என்ற அமைப்பு 2015 முதல் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளந்து சொல்கிறது. சில ஆண்டுகளுக்கு முந்தைய கணக்குப்படி நாடு முழுக்கச் சுமார் 55,000 வீடுகளில் மீட்டர். டிவி இருக்கும் வீடுகளோ ஏறத்தாழ 21 கோடி. அதாவது, கிட்டத்தட்ட 3,800 வீட்டுக்கு ஒரு மீட்டர். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், அதில் தவறில்லை. ஆனால் அந்த மீட்டருக்கு எண்ணத்தான் தெரியும், காரணம் கேட்கத் தெரியாது. வெயிலில் நாற்று நட்டுவிட்டு வந்து ஒன்பது மணிக்குக் கண் அசந்தவள், கணக்கில் கதை பிடிக்காமல் விலகியவள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துப் பத்து மணிக்கு வீடு வருகிறவர், கணக்கில் ஆர்வமில்லாதவர். நேரத்தை மாற்றியவர்கள் சேனல்காரர்கள். பார்வையாளர் குறைந்தார். ஆகவே தொடர் தோல்வி. ஆகவே மூடு. கையைக் கட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டு, நீச்சல் தெரியவில்லையே என்று அனுதாபப்படும் விஞ்ஞானம் இது.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் கணக்கேட்டில் புதுச்சேரிக்குத் தனி இடம் கிடையாது. 'தமிழ்நாடு/புதுச்சேரி' என்று ஒரே சந்தை. மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டால், நீ தனி யூனியன் பிரதேசம் என்கிறது டெல்லி. விளம்பரம் விற்கும்போது மட்டும் ஒரு சாய்கோட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

கொரோனாவையும் மறக்க வேண்டாம். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றது. அது யார் குற்றமும் இல்லை. ஆனால் சன் டிவியின் 'அழகு' திரும்பி வரவே இல்லை. அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று சொல்ல ஒரு எபிசோடு எடுக்க மனம் வரவில்லை. பதிலுக்கு 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யை எடுத்து ஊதினார்கள். 2018இல் 'இது நம்ம ஊரு கலரு' என்று வந்து இறங்கிய கலர்ஸ் தமிழ், சில ஆண்டுகளிலேயே சொந்தத் தொடர்களை மூட்டை கட்டிவிட்டு டப்பிங்குக்குத் திரும்பியது. வாய் ஒரு மொழியில் அசைகிறது, குரல் இன்னொரு மொழியில் வருகிறது. நம்ம ஊருதான்!

சீரியல் செத்தால் நாட்டுக்கு நல்லதுதானே என்று டீக்கடையில் ஒரு மேதை சொல்வார். மாமியார் கொடுமையும் விஷப் பாலும் ஒழியட்டும் என்பார். நியாயமாகவே இருக்கலாம். அதே மேதை பார்க்கும் ஐ.பி.எல். ஆட்டத்தைப் பத்தொன்பதாவது ஓவரில் நிறுத்தி, 'சுபம்' போட்டு, மீதியை டிசம்பரில் வேறு கேப்டனோடு காட்டுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். பாகூர் ஏரிக்கரையில் பேருந்து மறிக்கப்படும். பெண்கள் பார்ப்பது என்பதால் கதையின் கழுத்தை எந்த இடத்திலும் நெரிக்கலாம். அவர்கள் அடுப்படியில் முணுமுணுத்துவிட்டு அடுத்த தொடருக்குப் பழகிவிடுவார்கள் என்ற தைரியம்.

இலவசமாகக் காட்டுவதற்கு இத்தனை கோபமா என்று கேட்பவர்கள் கேபிள் ரசீதைப் பார்க்கட்டும். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி மாறியதிலிருந்து ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை இருக்கிறது. அப்போது சன் டிவிக்கு மாதம் 19 ரூபாய், விஜய்க்கு 17. அதற்கு மேல் விளம்பரம். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விதி சொல்கிறது. விதியை எதிர்த்து நிறுவனங்கள் 2013இலேயே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. சரி, ஆப்பில் பாருங்கள், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பார்கள். வீட்டில் ஒரே போன், அது பையன் கையில். ஹாட்ஸ்டாரில் கூடுதல் காசு கட்டியவர்களுக்கு டிவியில் வருவதற்கு முன்பே எபிசோடு கிடைத்த காலமும் உண்டு. காசுள்ளவருக்கு நாளைய கதை இன்றே. இல்லாதவருக்கு இன்றைய கதை எந்த நேரத்தில் என்பதுகூட நிச்சயமில்லை.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் மக்களுக்கு இது புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு மெகா தொடர் இருக்கிறது. பெயர் உள்ளாட்சித் தேர்தல். 1968இல் ஒரு பாகம். பிறகு 38 வருட இடைவேளை. 2006இல் அடுத்த பாகம். 2011இல் பதவிக் காலம் முடிந்தது. 2021இல் ப்ரோமோ வந்தது, அக்டோபரில் வாக்குப்பதிவு என்று. அப்புறம் நேர மாற்றம், நவம்பர் என்று. விவகாரம் உயர் நீதிமன்றம் போய், ஒளிபரப்பே நின்றது. கொம்யூன் பஞ்சாயத்தில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் உட்கார வேண்டிய இடத்தில் ஆணையர். இவருக்குப் பதில் இவர். ஆகவே என் யோசனை: தேர்தலை ஏதாவது ஒரு சேனலிடம் ஒப்படைத்துவிடலாம். குறைந்தபட்சம் 'மகா சங்கமம்' என்று சொல்லி இரண்டு கொம்யூனையும் சேர்த்து ஒரு வாரம் ஓட்டுவார்கள். வாக்குக்கு மதிப்பு இல்லாவிட்டாலும் டி.ஆர்.பி.க்காவது மதிப்பு இருக்கும்.

கேட்பது அதிகமில்லை. நேரத்தை மாற்றுவதானால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். தொடரை நிறுத்துவதானால் கதையை முடித்துவிட்டு நிறுத்துங்கள். இரண்டும் முடியாது என்பீர்கள், தெரியும். ஆனால் எதிர்த்துக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்களே. அக்காமார்களே, அந்த 19 ரூபாய் உங்கள் சம்மதம் இல்லாமல் போகக்கூடாது என்பதுதான் விதி. "பேக்கேஜ்தான்க்கா, தனியா எடுக்க முடியாது" என்று கேபிள்காரர் தலையைச் சொறிவார். சொறியட்டும். அடுத்த முறை கதையைப் பாதியில் வெட்டினால், மகளிர் குழுக் கூட்டத்தில் கடன் தவணை பேசி முடித்த கையோடு, தெரு மொத்தமும் ஒரு மாதம் அந்தச் சேனலை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மீட்டர் இல்லாத வீடுகளை அவர்கள் எண்ணப்போவதில்லை. வராத பணத்தை எண்ணியே ஆக வேண்டும்.